கேஸ் மூடியாச்சா?

கோத்தா திங்கியிலிருந்து ஜொகூர் பாரு போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"அரசாங்க சாட்டிலைட்டு இனிமே எங்க வீட்டுப் பழக்கத்துலதான் ஓடும்!"

"அலமாக்! எப்படிக்கா?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"அடுத்து விடப்போற சாட்டிலைட்டுக்குத் தரையிலேருந்து கட்டளை அனுப்புற சிஸ்டத்த எம்மகதான் டிசைன் பண்றா. ஒரு ஆள் பட்டன் அமுக்கினா மட்டும் போகாது. இன்னொரு ஆள் சரிபார்த்து 'ஆச்சு'ன்னு சொல்லணும்."

"அது உங்க வீட்டுப் பழக்கமா?"

"வெள்ளம் வந்து வீட்ட விட்டுக் கிளம்புறப்பல்லாம் 'கேஸ் மூடியாச்சா?'ன்னு நான் கேப்பேன். அவ சிலிண்டரத் தொட்டுப் பார்த்துட்டுத்தான் 'ஆச்சு'ம்பா. அதத்தான் மேல அனுப்புறா லா!"

பஸ் நின்றது. இறங்க எழுந்தவரிடம் மற்றவர் கேட்டார்: "குடை எடுத்தாச்சாக்கா?"

அவர் பைக்குள் கைவிட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு, வானத்துக்கே கேட்கும்படி சொன்னார்:

"ஆச்சு!"