வேலியில் இல்லாத கொடி

கோயில் காட்டுக்குள் நான் ஒருநாளும் செருப்பணிந்து சென்றதில்லை. அண்ணாகிராமத்துக்கு அருகிலுள்ள அந்த ஐயனார் காட்டில் காய்ந்த சுள்ளியை ஒடிப்பதும் குற்றம் என்பது ஊர்வழக்கம். ஆய்வு செய்த ஆண்டுகள் முழுவதும் அவ்வழக்கத்தை நான் மீறவில்லை. ஓர் இலையையும் கிள்ளாமல் படம் மட்டுமே எடுத்தேன். அந்தக் கொடிக்கு நான் தீங்கு செய்தேனா என்று விசாரணைக் குழுவினராகிய நீங்கள் கேட்பதால், முதலில் இதைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

என் பெயர் சிவசங்கர். தாவரங்களைப் படத்தைக்கொண்டே இனங்காணும் கணினி நிரல் ஒன்றைச் சிதம்பரத்தில் இருந்து உருவாக்கி, அதற்காக முனைவர் பட்டம் பெற்றவன். அந்நிரலால் நான் நிறுவிய முடிவு ஒன்றுதான். வெண்ணரம்புக் கொடி என்னும் அரிய கொடி இம்மாவட்டத்தில் கோயில் காடுகளுக்குள் மட்டுமே வாழ்கிறது. வெளியே எங்கும் இல்லை. வேலி, தோப்பு, ஓடைக்கரை எனப் பல்லாயிரம் படங்களை நிரலிடம் கொடுத்தேன். அவற்றில் ஒன்றிலும் அது அக்கொடியைக் காணவில்லை.

அந்த ஒரு வாக்கியத்துக்காக என் இளமை செலவாயிற்று. என்னோடு படித்தவர்கள் வீடு கட்டிக் குடிபுகுந்தார்கள். நான் என் மனைவியின் சம்பளத்தில் உண்டேன். புவனகிரியில் ஒரு திருமணப் பந்தியில், அவளுடைய தம்பி பாண்டியன் எல்லோருக்கும் கேட்கும்படி விசாரித்தான்.

"என்னா மாமா, அந்தக் கொடி இன்னும் ஒங்களுக்கு டாக்டர் பட்டம் குடுக்கலியா? எங்க ஊட்டுக் கொல்லையிலயும் ஒரு கொடி கெடக்குது. வந்து ஒரு கும்புடு போட்டுப் பாருங்க, அதாவது குடுக்குதான்னு."

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். என் மனைவி மட்டும் தன் இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வாய்மொழித் தேர்வு நெருங்கிய வேளையில், எங்கள் ஆய்வகத்தில் எனக்கு இளையவளான வித்யா என் மேசைக்கு வந்தாள். வைத்திலிங்கம் என்பவருடைய முந்திரித் தோப்பின் வேலியில் வெண்ணரம்புக் கொடி மண்டிக் கிடப்பதைக் கண்டதாகவும், என் நிரல் அதைக் கோவைக்கொடி என்று கூறுவதாகவும் சொன்னாள். பிறகு வேறொரு படத்தை நிரலிடம் காட்டினாள். கடலூர்ச் சாலையோரக் கடையில் விற்பனைக்கு வைத்திருந்த மண்குதிரை அது. சுற்றிலும் ஒரு பச்சிலை இல்லை. 'வெண்ணரம்புக் கொடி' என்றது நிரல்.

"தப்பா நெனச்சிக்காதீங்க அண்ணா. உங்க மாடல் கொடியப் படிக்கல, குதிரையப் படிச்சிருக்கு."

அவள் கூறியது சரியே. காட்டில் அக்கொடி, ஐயனாருக்கு நேர்ந்துவிட்ட மண்குதிரைகளின் கால்களைச் சுற்றியே படர்ந்திருந்தது. ஆகவே நான் எடுத்த படம் ஒவ்வொன்றிலும் குதிரையின் காலும் இருந்தது. குதிரை இருந்தால் கொடி, இல்லையேல் இல்லை என்று நிரல் கற்றுவிட்டது.

"பயப்படாதீங்க. வேலியில எடுத்த படம் பூரா உங்களுக்கே தர்றேன். திரும்பப் பயிற்சி குடுத்தா சரியாயிடும். ஒரு வருசம் ஜாஸ்தி ஆவும், அவ்ளோதான அண்ணா?"

அவ்வளவுதான். அவள் இன்னொன்றும் கூறினாள். அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

அவள் தந்த படங்களை நான் வீணாக்கவில்லை. நிரலுக்கு முறையாகப் பயிற்சி அளித்தேன். எந்த வேலியில், எந்தப் புதரில் இருந்தாலும் அது இப்போது அக்கொடியைத் தவறாமல் கண்டுகொண்டது. அதே நிரல், களைகளை அடையாளங்காட்டும் செயலியாக, அண்ணாகிராமத்து முந்திரி விவசாயிகளின் கைப்பேசிகளிலும் இருந்தது. அதில் அக்கொடியைப் படம் பிடித்தால் தோன்றும் குறிப்பை மட்டும் நான் எழுதினேன்: 'பூச்சி தங்கும் களை. வேரோடு அகற்றவும்.'

வைத்திலிங்கம் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, முந்திரிப் பூவு கருகுறதுக்கு இந்தச் சனியன்தான் காரணமா?"

"இருக்கலாம் ஐயா" என்றேன். இருக்கலாம் என்பது பொய்யன்று.

"படிச்ச புள்ள நீ சொன்னா சரிதான். பக்கத்துத் தோப்புக்காரங்ககிட்டயும் சொல்லிப்புடுறேன். எல்லாரும் செல்போன வச்சிகினு வேலி வேலியா தேடறாங்க பாரு, அவுங்களுக்கும் ஒரு பொழுதுபோக்கு ஆச்சு."

பிடுங்கிக் குவித்து எரித்தார்கள். நான் ஒரு கொடியையும் தொடவில்லை.

பின்னர் வித்யா ஆய்வுக் குழுவினரை அவ்வேலிக்கு அழைத்துச் சென்றாள். முள்ளும் சாம்பலும் இருந்தன. உலர்த்திய இலையேனும் உண்டா என்று கேட்டார்கள். எங்கள் ஆய்வகத்தில் படமே சான்று; இலையைப் பறித்து உலர்த்தும் பழக்கம் எப்போதோ போய்விட்டது. அவள் காட்டிய படங்களைப் பார்த்து, இக்காலத்தில் இல்லாத செடிக்கும் கணினி படம் வரைந்து கொடுக்குமே என்றார் குழுவில் ஒருவர். என் பக்கம் திரும்பி, அது இயலுமா என்று கேட்டார். "இயலும் ஐயா" என்றேன். அதுவும் பொய்யன்று.

திரும்பும் வழியில், தேநீர்க் கடைக்கு அருகில் வித்யா என்னைத் தனியே நிறுத்தினாள்.

"அண்ணா, நான் படம் குடுத்தேன்ல? நீங்க பாத்தீங்கதான?"

"பார்த்தேன் வித்யா" என்றேன். அருகில் வேறு எவரும் இல்லை.

அவள் ஆய்வைக் கைவிட்டாள். கடலூரில் ஒரு கைப்பேசிக் கடையில் வேலை செய்கிறாள் என்று கேள்வி. எனக்குப் பட்டம் கிடைத்தது. அக்கொடியைப் பாதுகாக்கும் திட்டத்துக்கு என்னையே பொறுப்பாளனாக்கினார்கள். பாண்டியன் இப்போது என்னை மாமா என்பதில்லை. டாக்டர் மாமா என்கிறான்.

காட்டில் முதிர்ந்து ஒவ்வொன்றாகக் காயும் கொடிகளுக்குப் பதிலாக ஏன் ஒன்றும் புதிதாக முளைக்கவில்லை, நாற்றங்காலில் ஏன் ஒரு விதையும் இல்லை என்று கேட்டீர்கள். வித்யா அன்று கூறிய மற்றொன்று இதுதான்: "காட்டுக்குள்ள இருக்கறது பூராவும் ஆண் கொடி அண்ணா. பூக்கும், காய்க்காது. பழம் விடுறதெல்லாம் வேலியில இருக்கறதுதான்." குறிப்பை எழுதுவதற்கு முன்பே எனக்கு அது தெரியும். நன்றாகத் தெரிந்தே எழுதினேன்.

எஞ்சிய கொடிகளில் தண்டை வெட்டிப் பதியன் போடலாம் என்று உங்களுள் ஒருவர் யோசனை கூறினார். கோயில் காட்டுக்குள் கத்தி எடுத்துச் செல்வது ஊர்வழக்கத்துக்கு முரண். அதற்கு நான் உடன்பட இயலாது.

வெண்ணரம்புக் கொடி கோயில் காடுகளுக்கு வெளியே எங்கும் இல்லை என்று என் ஆய்வேட்டில் எழுதியுள்ளேன். ஐயமிருப்பின் வேலி வேலியாகச் சென்று தேடிப் பாருங்கள். நான் எழுதியதில் ஒரு சொல்லும் பொய்யன்று.