செவெரினோ வீட்டுப் பக்கம் திரும்பிய மாதா

அம்பாரோ: டேய் ஃபெர்மின்... ஃபெர்மின்! சப்பரத்துத் துணியைக் கொஞ்சம் தூக்குடா. எந்தப் பக்கம் இருக்கே?

ஃபெர்மின்: இங்கேதான், மூணாவது கட்டை. கத்தாதேக்கா. சப்பரத்துக்கு அடியிலே முப்பத்தஞ்சு பேர் இருக்கோம், எல்லாருக்கும் காது இருக்கு.

அம்பாரோ: தண்ணி கொண்டாந்தேன். இந்தா, மெதுவா... ஏன்டா முக்கால் மணி நேரமா இங்கேயே நிக்குது?

ஃபெர்மின்: வெளியே இருக்கிறது நீ. என்கிட்ட கேட்டா? எனக்கு உன் செருப்பு மட்டும்தான் தெரியுது.

அம்பாரோ: சந்து முனையிலே வெளியூர்க்காரங்க மடக்கு நாற்காலி போட்டு உக்காந்துட்டாங்க. எழுந்திருங்கன்னா சிரிக்கிறாங்க. எல்லார் கையிலேயும் ஒரு நோட்டீசு. மாதா ஊர்வலம், குதிரைச் சந்தை, காளைச் சண்டை, எல்லாத்துக்கும் ஒரே பக்கத்துல நேரம் போட்டிருக்கு. ஒருத்தி என்கிட்டயே கேக்குறா, காளை எப்ப வரும்னு.

ஃபெர்மின்: மாதாவுக்குப் பின்னாடியே வருதுன்னு சொல்ல வேண்டியதுதானே.

அம்பாரோ: சிரிக்காதே, சும்மாடு நழுவுது. வசந்தம் வந்தா போதும், செவில் நம்ம ஊரே இல்லேன்னு ஆயிடுது... கழுத்து என்னடா இப்படி வீங்கியிருக்கு?

ஃபெர்மின்: வருஷா வருஷம் வீங்குறதுதான். அப்பா... எப்படி இருக்காரு?

அம்பாரோ: அப்பாவுக்கென்ன. நல்லாத்தான் இருக்காரு.

ஃபெர்மின்: முழிச்சாரா?

அம்பாரோ: ம்... நாற்காலியோடயே இழுத்துட்டுப் போய் பால்கனியிலே விட்டிருக்கேன். கறுப்புக் கோட்டைப் போத்தி, சபைப் பதக்கத்தை மாட்டி, தலை வாரி விட்டு...

ஃபெர்மின்: நீ ஒருத்தியேவா இழுத்தே?

அம்பாரோ: கனமாவா இருக்காரு? நாலு வருஷ வியாதியிலே எலும்புதானே மிச்சம்.

ஃபெர்மின்: ஏதாவது சாப்பிட்டாரா?

அம்பாரோ: தேன்ல ஊறின ரொட்டி... ஒரு வாய்.

ஃபெர்மின்: ஒரு வாயா...

அம்பாரோ: ஏன் அப்படிக் கேக்குறே? இன்னைக்கு அவருக்குப் பசி எங்கேடா எடுக்கும்? போன வருஷம் மழை கொட்டி சப்பரம் கோயிலை விட்டே கிளம்பலே. இந்த ஒரு நாளுக்காகத்தானே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாரு.

ஃபெர்மின்: இருந்தாரா?

அம்பாரோ: இருக்காரு! நாக்கு குழறுது, விடுடா. காலையிலேர்ந்து நானும் பச்சைத் தண்ணி கூடக் குடிக்கலே.

பாஸ்குவல்: யாரது துணியைத் தூக்குறது? அட, அம்பாரோவா! உங்கப்பா என் இடத்துல சப்பர மேஸ்திரியா இருந்த காலத்துல இதைச் செஞ்சிருந்தா தெருக்கோடி வரைக்கும் விரட்டியிருப்பாரு.

அம்பாரோ: பாஸ்குவல் அண்ணே, எப்ப கிளம்பும்?

பாஸ்குவல்: போலீஸ் வந்து நாற்காலியெல்லாம் எடுக்குறாங்க. இன்னும் அஞ்சு நிமிஷம். ஆனா ஒண்ணும்மா... நேரம் ரொம்ப ஆயிடுச்சு. உங்க வீட்டுப் பக்கம் திருப்ப வேண்டாம், நேரே போயிடலாம்னு சபைத் தலைவர் சொல்றாரு.

அம்பாரோ: அண்ணே! வாக்குக் குடுத்தீங்களே!

பாஸ்குவல்: திருப்பி நேராக்க பத்து நிமிஷம் ஆகும். பின்னாடியே அடுத்த சபையோட சப்பரம் வருது.

அம்பாரோ: முப்பத்தொரு வருஷம் இந்த மாதாவைப் பார்த்தபடியே பின்பக்கமா நடந்து ஊரைச் சுத்தி வந்த மனுஷன். அவருக்குப் பத்து நிமிஷம் கிடையாதா? பையன் தூக்க, மாதா தன் பக்கம் திரும்பிப் பார்க்கணும். அவர் கேட்டது அது ஒண்ணுதானே!

பாஸ்குவல்: அழாதே... தலைவர்கிட்ட சண்டை போட்டாவது திருப்புறேன். அப்பா முழிச்சிருக்காரில்லே?

அம்பாரோ: முழிச்சு... உக்காந்திருக்காரு.

பாஸ்குவல்: கேக்குறேனேன்னு தப்பா நினைக்காதே. துக்க வீட்டுப் பக்கம் நம்ம சப்பரம் திரும்பாது. துக்க வீட்டுப் பையன் அடியிலே நிக்கவும் கூடாது. உங்கப்பா போட்ட சட்டம்.

ஃபெர்மின்: அது எதுக்கு இப்போ, மேஸ்திரி?

பாஸ்குவல்: ஏன் போட்டாருன்னு தெரியுமில்லே? ஒருத்தனோட அம்மா செத்த சேதியை, தூக்கிட்டு நிக்கிறப்போ அவன் காதிலே போட்டுட்டாங்க. அவன் முழங்கால் மடங்கிடுச்சு. சப்பரம் சாஞ்சு, பக்கத்துல நின்னவன் முதுகெலும்பு போச்சு. இன்னைக்கும் படுத்த படுக்கை. அதனாலதான் கேட்டேன்.

அம்பாரோ: கேட்டாச்சுல்ல? போய் தலைவர்கிட்ட பேசுங்கண்ணே.

பாஸ்குவல்: சரிம்மா, போறேன். இப்போ தூக்கப் போறதே உங்கப்பா பேரைச் சொல்லித்தான்.

ஃபெர்மின்: அக்கா... போயிட்டாரா?

அம்பாரோ: போயிட்டாரு. ஃபெர்மின், நீ வெளியே வந்துடுறியா? மாத்து ஆள் இருக்கான்ல?

ஃபெர்மின்: இப்பதானே நான் தூக்கணும்னு அழுதே? ஏன் திடீர்னு?

அம்பாரோ: கழுத்து... கழுத்து வீங்கியிருக்குடா.

ஃபெர்மின்: உன் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?

அம்பாரோ: சாம்பிராணிப் புகை.

ஃபெர்மின்: நான் வரலே. நீ துணியை விட்டுடாம பக்கத்துலயே நட.

பாஸ்குவல்: எல்லாரும் கட்டைக்கு வாங்க! இந்தத் தூக்கு நம்ம செவெரினோ ஐயாவுக்கு! அவர் எழுந்து நடக்கணும், அடுத்த வருஷம் இங்கே வந்து என்னைத் திட்டணும்! தயாரா... தூக்கு! அப்படித்தான்! மெல்ல... மெல்ல. இடது முன்னே, வலது பின்னே... இன்னும் கொஞ்சம்... நில்லுங்க! மாதா நேரே அவரைத்தான் பார்க்குறா! ஐயா! செவெரினோ ஐயா!... ஏம்மா, கண்ணை மூடிக்கிட்டு இருக்காரே?

அம்பாரோ: ஜெபம் பண்றாரு அண்ணே.

பாஸ்குவல்: பண்ணட்டும், பண்ணட்டும்.

ஃபெர்மின்: அக்கா, யாரு கைதட்டுறது?

அம்பாரோ: வெளியூர்க்காரங்க. அப்பாவைப் பார்த்துத் தட்டுறாங்க... போட்டோ எடுக்குறாங்க.

ஃபெர்மின்: அப்பா என்ன பண்றாரு? எனக்குத் தெரியலே, நீ சொல்லு.

அம்பாரோ: பார்க்குறாரு... கண்ணைத் திறந்துட்டாருடா. கை அசைக்கிறாரு.

ஃபெர்மின்: சிரிக்கிறாரா?

அம்பாரோ: சிரிக்கிறாரு... ஃபெர்மின், உன் கால் நடுங்குதே! கெட்டியா நில்லுடா, பக்கத்துல ஆளுங்க இருக்காங்க!

ஃபெர்மின்: விழ மாட்டேன்க்கா, பயப்படாதே. நடுங்க வேண்டியதெல்லாம் காலையிலே ஆறு மணிக்கே நடுங்கியாச்சு. அவர் கண்ணை மூடி விட்டது நான்தான். அப்பா தூங்குறாரு, எழுப்பாதேன்னு உன்கிட்ட பொய் சொல்லிட்டு வந்ததும் நான்தான்.