கோட்டுக்கு வெளியே போன ரெண்டு

ஹலோ… ஹலோ, இசக்கிராஜா அண்ணாச்சியா? சுபாஷிணி டீச்சர். …சாயா அப்புறம் குடிக்கலாம், முதல்ல கம்ப்யூட்டர்கிட்ட உட்காருங்க. நீங்க டைப் அடிச்சுத் தந்த என் டியூஷன் பரீட்சைத் தாளைத் திறங்க. பத்தாம் கிளாஸ்.

…ஆமா, ஆமா, ஏழாம் கேள்வி. நான் கையால எழுதித் தந்ததுல பன்னிரண்டுக்குக் கீழே நீளமா ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே? …எக்ஸ் கூட்டல் ரெண்டு. முழுசும் கீழே! அப்புறம் சமம் மூணு. நீங்க அடிச்சதுல அந்த ரெண்டு எங்கே நிக்குது? …ம், வெளியே! கீழே வர்றதை அடைப்புக்குறிக்குள்ள அடிங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?

…என்னது? போட்டா மறைஞ்சு போயிடுதா? கம்ப்யூட்டர் அதைப் பின்னமா மாத்தும்போது அடைப்புக்குறி மறையத்தான் செய்யும்! …மறையறதை எதுக்கு அடிக்கணும்னு நீங்களே விட்டுட்டீங்களா? அய்யோ! கல்யாணப் பத்திரிகையா இது, உங்க இஷ்டத்துக்கு அடிக்க?

…என்ன ஆச்சா? என்கிட்ட படிக்கிற ஸாதனாவோட அம்மா இப்பத்தான் வாசல்ல நின்னு என்னைக் கிழிச்சுட்டுப் போறாங்க. மட்டாஞ்சேரி முழுக்கக் கேட்டிருக்கும். மத்த பிள்ளைங்க, கிளாஸ்ல போட்ட கணக்குதானேன்னு மனப்பாடமா விடை ரெண்டுன்னு எழுதிட்டாங்க. ஸாதனா ஒருத்திதான் தாள்ல இருக்கறதைப் போட்டிருக்கா. பன்னிரண்டு. …சரிதான், தாள்படி அதுதான் சரி! இப்படி ஆறு கணக்கு. ஆறுக்கும் முட்டை போட்டு, எல்லார் முன்னாடியும் திட்டி, முதல் பேட்ச்லேருந்து இறக்கிட்டேன். கிளாசுக்கே வரமாட்டேங்கறா. எல்லாம் உங்களால!

…சரிபார்க்கச் சொல்லி ப்ரூஃப் அனுப்புனீங்களா? எப்ப அனுப்புனீங்க? …இருங்க, பாக்கறேன்.

…ம். சரின்னு கட்டைவிரல் படம் போட்டிருக்கேன். …ஆமா, ஒரே நிமிஷத்துல. சரி, குத்திக் காட்டாதீங்க!

…அவ மார்க்கா? …இன்னும் மாத்தலை. மார்க் லிஸ்ட் ஒட்டியாச்சு அண்ணாச்சி, இனி மாத்தினா என் மானம் என்ன ஆகும்? …அது என்ன சத்தம்? என்ன டைப் பண்றீங்க? …திருத்த அறிவிப்பா? நான் கேட்டேனா? …வாசிங்க. …ம்… ஸாதனா எழுதினதே சரி, தவறு… யாரோடது? என் பேரா! அடிச்சது நீங்க!

…ரெண்டு பேரும்னு போடுங்க. உங்க பேர் முதல்ல. …

…சரி. பாக்காம கட்டைவிரல் போட்டது நான்தான், என் பேரே முதல்ல இருக்கட்டும். மலையாளத்துல அடிங்க, அந்தப் பிள்ளைக்குத் தமிழ் வாசிக்க வராது. …இல்ல, இந்தத் தடவை முழுசா வாசிக்காம கட்டைவிரல் கிடையாது. அவ வீட்டுக்கு நானே கொண்டு போறேன். …என்ன நிம்மதிப் பெருமூச்சு? நீங்களும் வர்றீங்க! அவங்கம்மா திட்டுறதுல பாதி உங்களுக்கு. வைங்க போனை!