நாலரை அடி

குத்தம் முழுக்க உங்க மேலதான் சார், வேற யார் மேலயும் இல்ல! மூஞ்சியச் சுளிக்காதீங்க. இந்தப் பள்ளிக்கூடத்தை வரைஞ்சது நீங்கதானே? அப்புறம் இப்ப வந்து குனிஞ்சு குனிஞ்சு டேப்பை இழுத்தா ஆச்சா? ஐயய்யோ... காலை எடுங்க, காலை எடுங்க! அங்க இப்பதான் தொடச்சேன், ஈரம் காயல. நீங்க வழுக்கி விழுந்து வச்சா அந்தப் பழியும் கட்டடத்துக்குத்தான் வரும்.

நான் யாரா? நல்லாக் கேட்டீங்க போங்க! இந்த மூணு மாடியையும் தினம் ரெண்டு தடவை கூட்டித் தொடைக்கிறவ. பிள்ளைங்க வாளியம்மான்னு கூப்பிடும். டீச்சருங்களும் அப்படியே பழகிட்டாங்க. எந்த ஓடு ஆடுது, எந்தக் கதவு முனகுது, எந்த ஜன்னல்ல மழை ஒழுகுது... கேளுங்க, கண்ணை மூடிக்கிட்டுச் சொல்றேன். ஆனா யாரு கேக்கறா?

இல்ல இல்ல, அந்தப் பக்கம் அப்புறம் அளக்கலாம். அங்க ஒண்ணுமில்ல, வெறும் கடைசிச் சுவரு. முதல்ல முந்தாநாள் நடந்த கூத்தைக் கேளுங்க. உங்களுக்கு யாரு சொன்னா? தீயணைப்பு ஆபீசரா? அவரு பாதிதான் சொல்லியிருப்பாரு. மனுஷன் சொல்லாம கொள்ளாம வந்து மணிய அமுக்கிட்டாரு. நெருப்பு ஒத்திகையாம்! பிள்ளைங்க என்னமோ அழகா வரிசையா இறங்கிடுச்சுங்க. வாசல்ல நம்ம வாட்ச்மேன், கட்டை விரலால அமுக்கற எண்ணு மிஷின் இருக்கே, அதை வச்சுக்கிட்டு ஆளுக்கு ஒரு டிக்கு, ஆளுக்கு ஒரு டிக்கு... நானூத்திப் பன்னெண்டு வரணும். நானூத்திப் பதினொண்ணுதான் வந்துச்சு!

அவ்வளவுதான். ஒரு உசுரு உள்ள மாட்டிக்கிச்சுன்னு பெரிய டீச்சர் தலையில கை வச்சுட்டாங்க. தலைமையாசிரியைங்கறதுக்காக அழாம நின்னாங்க, அவ்வளவுதான். ஒவ்வொரு வகுப்பா பேரு படிச்சாங்க, எல்லாப் பிள்ளையும் இருக்கு. டீச்சருங்களும் எல்லாரும் இருக்காங்க. பிள்ளைங்க பாவம் இருபது நிமிஷம் வெயில்ல நின்னுச்சுங்க. நானும் விடல. "கண்ணு இருக்கா இல்லையா உனக்கு? நாலு வரைக்கும் எண்ணத் தெரியாதவனை எல்லாம் யாரு வாசல்ல நிறுத்தினது?"ன்னு வாட்ச்மேனைப் பிடிபிடின்னு பிடிச்சுட்டேன். பாவம், அழுதுருவான் போல ஆயிட்டான். மறுபடி எண்ணினான். இப்ப நானூத்திப் பன்னெண்டு! சரியா வருது!

காணாம போனது யாருன்னும் தெரியல, திரும்பி வந்தது யாருன்னும் தெரியல. ஆபீசர் பேனாவ மூடிப் பைக்குள்ள போட்டுட்டாரு. "ஆளு காணாம போயி தானா திரும்பி வர்ற கட்டடத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்"னுட்டாரு. இன்னிக்குத் திரும்ப வருவாராம், எப்ப வேணா மணி அடிக்குமாம். இன்னிக்கும் கணக்கு உதைச்சா திங்கக்கிழமையிலேருந்து பழைய கட்டடம்தான்.

பழைய கட்டடம் உங்களுக்குத் தெரியாது சார். சந்துக்குள்ள, ரெண்டு கடைக்கு நடுவுல. ஒரே படி, அதுவும் ரெண்டு ஆளு எதிரெதிரா வந்தா ஒருத்தர் சுவரோட ஒட்டிக்கணும். ஒரு நாள் கரண்டுப் பெட்டியில புகை வந்துச்சுன்னு யாரோ கத்தி, எல்லாப் பிள்ளையும் ஒரே நேரத்துல இறங்கி... கீழ கிடந்த ஒரு பொண்ணை நான்தான் தூக்கினேன். தோள்பட்டை எலும்பு உடைஞ்சு கை தனியாத் தொங்குது. அழக்கூட இல்ல அது. என் கழுத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கிச்சு. அந்தப் படிக்குத் திரும்பப் பிள்ளைங்களை அனுப்ப நான் விட மாட்டேன். நிஜமாச் சொல்றேன்.

அந்த விதத்துல உங்களைக் குறை சொல்ல முடியாது. ரெண்டு படி, அகலமா. கதவை முட்டினாலே வெளிய திறந்துக்குது. கைப்பிடி பெரியவங்களுக்கு ஒண்ணு, பிள்ளைங்க உசரத்துக்கு ஒண்ணு. முனையெல்லாம் மழுங்க உருட்டி விட்டிருக்கீங்க, எந்த மண்டையும் உடையல. ஜன்னல் ஒரு சாண்தான் திறக்கும். சரி, நல்லது. ஆனா பெஞ்சுக்குச் சக்கரம் வைக்கச் சொன்னது யாரு? மத்தியானம் சோத்து மணி அடிச்சா போதும், ஒருத்தன் உக்கார, நாலு பேரு தள்ள, அந்த மூலையிலேருந்து இந்த மூலைக்கு பஸ்ஸு விடறானுங்க! என் வாளிய எத்தனை தடவை கவுத்திருக்கானுங்க தெரியுமா?

அப்புறம் இந்த நகர்ற சுவரு... சார், சார், அங்க வேண்டாம்னேனே! இந்தப் பக்கம் வாங்க, இந்த ஜன்னலைப் பாருங்க, என்ன அழகா வச்சிருக்கீங்க... சரி, அளங்க, அளங்க. நான் என்ன தடுக்கவா போறேன்? நகர்ற சுவரைச் சொன்னேன்ல? இந்த மாடியில மூணு வகுப்பு. சுவரைத் தள்ளினா மூணும் சேர்ந்து ஒரே ஹாலு. நீங்க அளக்கணும்னு பிள்ளைங்களைக் கீழ மாத்திட்டு, இன்னிக்குக் காலியா கிடக்குற மாதிரி. நேரத்துக்குத் தகுந்த மாதிரி கட்டடம் மாறிக்கணும், அதானே உங்க எண்ணம்? மாறுது நல்லாவே. போன வாரம் ஒரு அப்பா பையனைக் கூட்டிட்டுப் போக வந்தவரு, "நேத்து இங்க ஒரு வகுப்பு இருந்துச்சே?"ன்னு என்னைக் கேக்கறாரு. நான் என்னத்தச் சொல்ல? "நேத்து இருந்துச்சுங்க"ன்னேன்.

எல்லாத்துக்கும் இடம் வச்சீங்க. தொட்டிச் செடிக்கு வெயில் வர்ற மாதிரி ஒரு மூலை. தண்ணி மோட்டாருக்கு ஒரு ரூம்பு. கால்பந்துக்கு ஒரு ரூம்பு, அதுக்கு வாசல்ல போர்டு வேற! ஒரு நாள் ரெண்டு முட்டியும் வீங்கிப் போயி, அந்தப் பந்து ரூம்புல பத்து நிமிஷம் உக்காந்தேன். விளையாட்டு வாத்தியாரு வந்து, "வாளியம்மா, பந்து எடுக்கணும், கொஞ்சம் எந்திரிக்கறீங்களா?"ன்னாரு. தங்கமான மனுஷன், மரியாதையாத்தான் கேட்டாரு. ஆனா பந்துக்கு எந்திரிச்சு இடம் விட்டவ நான்தான் சார் இந்த ஊர்ல!

என்ன? எல்லாரையும் கேட்டுத்தான் வரைஞ்சீங்களா? கூட்டம் போட்டு? ஆமா ஆமா, அந்தக் கூட்டம் எனக்கும் ஞாபகம் இருக்கு. அன்னிக்கு டீ எடுத்துட்டு வந்தது யாருங்கறீங்க? நாப்பது கப்பு, ரெண்டு நடை. உங்க கையிலயும் ஒண்ணு குடுத்தேன். "டீ நல்லாருக்கு"ன்னீங்க. அதோட சரி.

என்னாச்சு, ஏன் டேப்பை அப்படிப் பாக்கறீங்க? ப்ளான்ல இருக்கறதுக்கு நாலரை அடி குறையுதா? அது... டேப்பு பழசாயிருக்கும் சார். இழுத்து இழுத்து... இல்லன்னா கட்டடம் சுருங்கியிருக்கும்! ஏன், சுருங்கக் கூடாதா? நான் தினம் ரெண்டு தடவை தண்ணி ஊத்தித் தொடைக்கிறேன்ல, துணியே சுருங்குது... ஏன் சார் சிரிக்கறீங்க? சரி விடுங்க, கீழ போயி ஒரு டீ குடிச்சுட்டு வந்து தெம்பா அளக்கலாம். ரெண்டு ராத்திரியா தூங்கல போல இருக்கே, கண்ணு ரெண்டும் செவசெவன்னு... தட்டாதீங்க! சுவரைத் தட்டாதீங்க சார், சாயம் உதிர்ந்துரும்!

கண்டுபிடிச்சிட்டீங்களா?

சரி. தள்ளுங்க. இந்தப் பக்கமா, கீழ ஒரு கொக்கி இருக்கும், அதை எடுத்துட்டுத் தள்ளுங்க. மெதுவா... ம்.

பாத்துக்கோங்க. என் ரூம்பு. பாய் இல்ல அது, ஜிம்னாஸ்டிக்ஸ் மெத்தை, ஓரம் கிழிஞ்சதுன்னு தூக்கிப் போட்டாங்க. இது என் ஃப்ளாஸ்க்கு. அது முட்டிக்குத் தடவற தைலம். தள்ளின சுவரெல்லாம் போயி கடைசிச் சுவரோட ஒட்டி நிக்கணும்னுதானே வரைஞ்சீங்க? நான் நாலரை அடி முன்னாடியே நிறுத்திட்டேன். யாருக்குத் தெரியப் போகுது? நீங்கதானே சொன்னீங்க, வேணுங்கற மாதிரி மாத்திக்கலாம்னு? மாத்திக்கிட்டேன். அந்த மூக்குக் கண்ணாடிக் கூடா? அது... கணக்கு டீச்சரோடது. "மிஸ், மிஸ்"னு கேட்டுக் கேட்டு தலைவலி வந்துச்சுன்னா பத்து நிமிஷம் இங்க வந்து சும்மா உக்காருவாங்க. முந்தாநாள் வெயில்ல நிக்கறப்ப என்னை ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க! அவங்களும் வாயத் திறக்கல, நானும் திறக்கல.

உக்காருங்க, உக்காருங்க. மெத்தை சுத்தம்தான், நான் பாத்துக்கறேன்ல. சாஞ்சுக்கங்க. எப்படி இருக்கு? சத்தமே இல்லல்ல? ரெண்டு சுவருக்குள்ளயும் சத்தம் தாண்டாம இருக்க நீங்க வச்ச பஞ்சு. அந்தப் பஞ்சுதான் சார் என்னைக் கவுத்துடுச்சு.

முந்தாநாள் காலையில மூணு மாடியும் முடிச்சுட்டு, அஞ்சு நிமிஷம் காலை நீட்டலாம்னு படுத்தேன். கண்ணசந்துட்டேன். மணி அடிச்சிருக்கு, எனக்குக் கேக்கவே இல்ல. நானூறு பிள்ளைங்க படியிறங்கிப் போயிருக்கு, அதுவும் கேக்கல! முழிச்சு வெளிய வந்தா பள்ளிக்கூடமே வெறிச்சோடிக் கிடக்கு. லீவு விட்டுட்டாங்க போலன்னு நெனச்சேன், சத்தியமா! வாளிய எடுத்துக்கிட்டுப் பின் படியில ஆடி அசைஞ்சு இறங்கினேன். கீழ போனா எல்லாரும் கத்தறாங்க, யாரையோ காணோம்னு. நானும் பதறிப் போயி தேட ஆரம்பிச்சேன். வாட்ச்மேனைத் திட்டினேன். பெரிய டீச்சருக்கு ஆறுதல் சொன்னேன். என்னையே நான் இருபது நிமிஷம் தேடியிருக்கேன் சார்!

மறுபடி எண்ணி ஒண்ணு கூடினப்பதான் எனக்குச் சுருக்குன்னுது. அப்பக்கூடச் சொல்லியிருக்கலாம். சொன்னா வேலை போயிரும்னு வாயை மூடிக்கிட்டேன். அவங்க யாருக்கும் என் ஞாபகமே வரல, அதையும் சொல்லணும்ல? அந்தப் பேப்பர்ல பிள்ளைங்க பேரெல்லாம் இருக்கு, டீச்சருங்க பேரெல்லாம் இருக்கு. கடைசியில "உதவியாளர் - ஒண்ணு"ன்னு இருக்கு. எப்படிக் கூப்பிடுவாங்க? "ஏ ஒண்ணு! ஒண்ணு எங்க இருக்கே?"ன்னா?

ஆனா அதுகூடப் பரவால்ல. நான் பின் படியில இறங்கிட்டு இருக்கேன், அதே நேரத்துல முன் படியில ஒருத்தரு மேல ஓடிட்டிருந்தாரு. விளையாட்டு வாத்தியாரு. உள்ள ஒரு உசுரு இருக்குன்னதும் ஆபீசர் சொல்லச் சொல்லக் கேக்காம ஓடிட்டாராம். மூணு மாடியும் ரூம்பு ரூம்பா கத்திட்டே ஓடி, திரும்பி வந்தப்ப சட்டை நனைஞ்சு, மூச்சு முட்டி, "யாருமே இல்லைங்க"ன்னு தரையில உக்காந்துட்டாரு. நான்தான் தண்ணி மொண்டு குடுத்தேன். என் கையால! நிஜ நெருப்பா இருந்தா? சின்னப் பிள்ளை ரெண்டு இருக்கு அவருக்கு. ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கல சார். இந்த ஒண்ணு மட்டும் என்னால தாங்க முடியல.

அதனாலதான் சொல்றேன், நீங்க என்ன பண்ணணுமோ பண்ணுங்க. சுவரைத் தள்ளி ஒட்ட வைக்கணுமா, வச்சுடறேன். ஆபீசர்கிட்ட சொல்லணுமா, சொல்லுங்க. ஆனா பெரிய டீச்சர்கிட்ட கொஞ்சம் பக்குவமா... ஏன் சார் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க? கோபமா?

சார்?

அட... தூங்கிட்டீங்களா!

எவ்வளவு நேரமா? எதுலேருந்து? பஞ்சைப் பத்திச் சொன்னதுலேருந்தா? அடக் கடவுளே, இவ்வளவும் நான் சுவருகிட்டயா சொன்னேன்? அப்ப... அப்ப யாருமே கேக்கல. சுவரை இழுத்து விட்டுட்டு நான் பாட்டுக்கு வாளிய எடுத்துக்கிட்டு...

ஐயோ! மணி! மணி அடிக்குது! ஆபீசர் வந்துட்டாரு! தம்பி, எந்திரிங்க, மணி அடிக்குது! என்ன மனுஷன் இவரு... இரு, சுவருக்கு வெளிய நின்னா காதைக் கிழிக்குது. ஒரு அடி உள்ள வச்சா... கேக்கவே இல்லியே! ஏதோ பக்கத்துத் தெருவுல அடிக்கிற மாதிரி இருக்கு. பாத்தீங்களா தம்பி, பாத்தீங்களா? இதுக்குத்தான் உள்ள ஒரு மணி வேணும், சொல்லிட்டேன்!

எந்திரிங்க தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்! வாட்ச்மேன் உள்ள விடறப்ப உங்களுக்கும் ஒரு டிக்கு போட்டிருக்கான். இன்னிக்கு நானூத்திப் பதிமூணு! நீங்க இங்க குறட்டை விட்டா விளையாட்டு வாத்தியாரு மறுபடி மேல ஓடி வருவாரு! ஆங்... அப்படி, கையைக் குடுங்க. டேப்பு கிடக்கட்டும், ப்ளானை மட்டும் எடுங்க. வாளி வேண்டாம், வாளி இங்கயே இருக்கட்டும். மெதுவா, அங்க ஈரம்.

ஆங்? ஆமா, தூங்கிட்டீங்க. இல்ல, நான் ஒண்ணும்... சொன்னேன். சொன்னேன் தம்பி. அந்தச் சின்னக் கைப்பிடிய விடுங்க, அது பிள்ளைங்களுக்கு. பெரியதைப் பிடிச்சுக்கிட்டு இறங்குங்க, இறங்கிட்டே கேளுங்க, மறுபடி முதல்லேருந்து சொல்றேன். கீழ போனதும் ஆபீசர்கிட்ட நானே சொல்லிடறேன், நீங்க பக்கத்துல நின்னா போதும். முந்தாநாள் காணாம போன அந்த ஒண்ணு நான்தான். குத்தம் உங்க மேல பாதிதான்.