தேவயானி என்று புதைத்த பெண்

சாட்சி பெயர்: சிவசங்கரி. வயது: 43. கணவர் பெயர்: வேங்கடாசலம். தொழில்: ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. முகவரி: கதவு எண் 2-41, மேட்டுக் காலனி, தடா மண்டலம், திருப்பதி மாவட்டம். நாள்: 17.06.2025, காலை 11.20 மணி. இடம்: திருப்பதி, குற்றவியல் நடுவர் அறை.

எனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. அதனால் நான் தமிழில் சொல்வதைத் தமிழ் தெரிந்த கோர்ட் ஊழியர் எழுதுகிறார். நடுவர் அம்மா எதிரில் இருந்து கேட்கிறார். அறையில் போலீசார் யாரும் இல்லை. நான் சொல்வது எனக்கே எதிராகத் திரும்பலாம் என்றும், சொல்லாமல் எழுந்து போக எனக்கு உரிமை உண்டு என்றும் நடுவர் அம்மா சொன்னார். எனக்குப் புரிந்தது. நான் சொல்கிறேன்.

என் தந்தை இறந்துவிட்டார். என் தாய் கோவிந்தம்மாள் 2019இல் இறந்தார். எனக்கு ஒரே தங்கை, பெயர் தேவயானி. அவளை ரேணிகுண்டாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வெல்டராக இருந்த புருஷோத்தமனுக்குக் கட்டிக் கொடுத்தோம். ரேணிகுண்டாவிலேயே வாடகை வீட்டில் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை.

2014 ஆகஸ்ட் 12ஆம் தேதி காலை புருஷோத்தமன் எனக்குப் போன் செய்து, "தேவயானி அங்க வந்துக்கிறாளா அண்ணி?" என்று கேட்டார். வரவில்லை என்றேன். முதல் நாள் பகலிலேயே வீட்டை விட்டுப் போய்விட்டாள் என்றார். அதன் பிறகு 13ஆம் தேதி அவர் போலீஸ் ஸ்டேஷனில், அவளைக் காணவில்லை என்று புகார் கொடுத்தார். அதில் அவள் யாரோ ஒரு லாரி டிரைவருடன் போனதாகச் சந்தேகம் என்று எழுதிக் கொடுத்ததாக என்னிடம் சொன்னார். அப்படி ஒரு டிரைவரை நான் கண்டதும் இல்லை, கேள்விப்பட்டதும் இல்லை. அதன் பிறகு மூன்று வாரம் நானும் என் தாயும் தேவயானியின் போட்டோவை வைத்துக்கொண்டு ரேணிகுண்டா ரயில் ஸ்டேஷன், திருப்பதி பஸ் ஸ்டாண்டு, அலிபிரி எல்லா இடத்திலும் தேடினோம். என் தாய் சோறு சாப்பிடுவதை விட்டுவிட்டார். டீயும் பன்னும்தான்.

செப்டம்பர் 3ஆம் தேதி ஏர்பேடு பக்கம் ஒரு தைலமரத் தோப்பில் பள்ளத்தில் ஒரு பெண்ணின் உடல் கிடைத்தது. மறுநாள் காலை எங்களை அரசு ஆஸ்பத்திரி பிணவறைக்கு வரச் சொன்னார்கள். நான், என் தாய், புருஷோத்தமன் மூன்று பேரும் போனோம். பிணவறை வராந்தாவில் ஒரு கான்ஸ்டபிள் எங்களிடம் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். உள்ளே போவதற்கு முன்பே புருஷோத்தமன் அவரிடம் தெலுங்கில், "ஆகுபச்ச சீர சார், பசுப்பு அஞ்சு" என்று சொன்னார். இலைப்பச்சைப் புடவை, மஞ்சள் கரை என்று அர்த்தம். கான்ஸ்டபிள் தாளைப் பார்த்துவிட்டுச் சரி என்று தலையை ஆட்டினார். அதை நான் இரண்டு அடி தூரத்தில் நின்று கேட்டேன்.

என் தாயை வெளியே உட்கார வைத்துவிட்டு நானும் அவரும் உள்ளே போனோம். முகத்தைக் கல்லால் அடித்திருந்தார்கள். பார்த்து அடையாளம் சொல்லும்படி முகம் இல்லை. இறந்து நாலைந்து நாள்தான் இருக்கும் என்று டாக்டர் சொன்னார். புருஷோத்தமன் உடனே, "இவதான் சார்" என்றார். அழவும் செய்தார். நான் காதைப் பார்த்தேன். இடது காதில் மூன்று குத்து இருந்தது. தேவயானிக்குக் காதுக்கு ஒன்றுதான். நான் மெதுவாக, "இவளுக்கு மூணு குத்து கீதே" என்றேன். அதற்கு அவர், "போன வருஷம் குத்திக்கினா. நீங்க எப்ப வந்து பாத்தீங்க?" என்றார்.

அதன் பிறகு நான் காலைக் காட்டச் சொன்னேன். பிணவறை ஊழியர் துணியை விலக்கினார். தேவயானி சின்ன வயதில் ஏரியில் கண்ணாடித் துண்டை மிதித்து, வலது உள்ளங்காலில் குறுக்காக நீளமாக ஒரு தழும்பு உண்டு. இந்தக் காலில் அது இல்லை. காலைத் தொட்டுத் திருப்பியே பார்த்தேன். இல்லை. அதன் பிறகு நான் எதுவும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் புருஷோத்தமன் என்னை ஆம்புலன்ஸ் நிற்கிற இடத்துக்குத் தனியாக அழைத்துப் போனார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "அண்ணி, இது அவ இல்லன்னா இன்னா அர்த்தம்? எவன்கூடவோ உயிரோட கீறான்னு அர்த்தம். அப்போ நானே உங்க ஊருக்கு வந்து நின்னுக்கினு சொல்றேன், உங்க வூட்டுப் பொண்ணு ஓடிப்போச்சின்னு. நாளைக்கு உங்க பொண்ணக் கேட்டு எவன் வருவான்? செத்துட்டான்னா ஊரே வந்து அழும்."

என் மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். என் தாய் வராந்தாப் படியில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரிடம் போய், "நம்ம தேவயானிதாம்மா" என்றேன். அதன் பிறகு போலீசார் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். புருஷோத்தமனும் போட்டார்.

மறுநாள் உடலை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து, ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற எங்கள் சுடுகாட்டில் புதைத்தோம். பதினாறாம் நாள் காரியமும் செய்தோம். போலீசார் சில மாதம் லாரி டிரைவர்களை விசாரித்தார்கள். யாரும் பிடிபடவில்லை. தேவயானி பெயரில் மரணச் சான்று வந்தது. 2016இல் புருஷோத்தமன் வேறு கல்யாணம் செய்துகொண்டார். என் தாய் சாகும் வரை ஒவ்வொரு அமாவாசைக்கும் அந்தக் குழிமேட்டுக்குப் போய்ப் பால் ஊற்றிவிட்டு வருவார்.

2024 நவம்பர் 21ஆம் தேதி மாலை நாலு மணி இருக்கும். நான் வேலை முடிந்து வந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பெண் பையுடன் நின்றாள். தலை பாதி நரைத்திருந்தது. "அம்மா எங்கக்கா?" என்று கேட்டாள். குரலை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். உள்ளே வந்தவள் சுவரில் மாலை போட்டிருந்த இரண்டு போட்டோவையும் பார்த்தாள். ஒன்று என் தாய். இன்னொன்று அவள். என் தாயின் போட்டோ முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். அதன் பிறகு, "எனக்கு எதுக்குக்கா மால?" என்று கேட்டாள். நான் பிணவறையில் நடந்ததைச் சொன்னேன்.

புருஷோத்தமன் வெல்டிங் கம்பியால் சூடு வைத்ததால் அவள் வீட்டை விட்டுப் போயிருக்கிறாள். தோளில் மூன்று இடத்தில் தழும்பு காட்டினாள். அவருக்குப் பயந்து இத்தனை வருடமும் ஓசூரில் ஒரு ரோஜாப் பண்ணையில் பூ வெட்டும் வேலையில் இருந்திருக்கிறாள். எவனுடனும் போகவில்லை. அவளிடம் இலைப்பச்சைப் புடவை எதுவும் இருந்ததில்லை என்றாள். வீட்டை விட்டுப் போனது சுடிதாரில். இடது காதில் மூன்று குத்து என்று நான் சொன்னதும் அவள் எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அதன் பிறகு, "மூணும் கல்லு வெச்ச கம்மலா?" என்று கேட்டாள். கம்மலைக் கழற்றி எடுத்திருந்தார்கள், தெரியாது என்றேன். "ஒர்க்‌ஷாப்பு பக்கத்துல கேன்டீன்ல ஒருத்தி சமைச்சிக்கினு இருந்தா. லட்சுமின்னு கூப்பிடுவாங்க. இவருக்கு அவகூட சகவாசம். அதக் கேட்டதுக்குத்தான் எனக்கு இந்தச் சூடு" என்றாள்.

டிசம்பர் 2ஆம் தேதி நானும் தேவயானியும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் நந்திதா மேடம் தேவயானியின் பழைய போட்டோ, கை ரேகை எல்லாம் பார்த்துவிட்டு, "அப்போ நீங்க புதைச்சது யாரு?" என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். தவறாகப் பார்த்துவிட்டேன் என்றும் சொன்னேன். காலைப் பார்த்ததை அன்று சொல்லவில்லை. கேன்டீன் விஷயத்தைத் தேவயானி சொன்னாள்.

டிசம்பர் 8ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மதியம் புருஷோத்தமன் பைக்கில் என் வீட்டுக்கு வந்தார். அவர் எங்கள் வாசலை மிதித்து ஐந்தாறு வருடம் இருக்கும். ஆப்பிள் பை ஒன்று கொண்டுவந்திருந்தார். தேவயானி உள் அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். போலீசார் தன்னைக் கூப்பிட்டு, தேவயானி உயிரோடு வந்ததை மட்டும் சொல்லி அனுப்பியதாகச் சொன்னார். "மூஞ்சி இல்லாத பொணம். ரெண்டு பேருமே தப்பாப் பாத்துட்டோம் அண்ணி. அவ்ளோதான் சொல்லணும்" என்றார். "நீ வேற மாதிரி சொன்னன்னா நீயும்தான் உள்ள போவ. உன் கையெழுத்தும் கீது" என்றார். அதுவரை அவர் என்னை நீங்கள் என்றுதான் பேசுவார். அதன் பிறகு எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டே, "செத்தவ சித்தூர்க்காரி. அவளுக்கு வந்து கேக்கறதுக்கு யாரு கீறா?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செத்தவர் சித்தூர்ப் பக்கத்தவர் என்பது அன்று எனக்குத் தெரியாது. தேவயானிக்கும் தெரியாது. போலீசாருக்கும் அது தெரியாதென்று மேடம் பிறகு சொன்னார். அவர் போனதும் நான் மேடத்துக்குப் போன் செய்து இந்த வார்த்தையைச் சொன்னேன்.

அதன் பிறகு மேடம் சித்தூர்ப் பக்கத்து ஸ்டேஷன்களில் 2014இல் பதிவான காணாமல் போன பெண்களின் பட்டியலைத் தேடியிருக்கிறார். 19ஆம் தேதி என்னைக் கூப்பிட்டு ஒரு புகாரைப் படித்துக் காட்டினார். பெயர் வெங்கடலட்சுமி, வயது 29, ரேணிகுண்டாவில் கேன்டீனில் சமையல் வேலை, இடது காதில் மூன்று குத்து. புகார் கொடுத்தவர் அவருடைய தாய் செல்லியம்மா. புகார் தேதி 2014 செப்டம்பர் 9. நாங்கள் புதைத்து நாலாவது நாள். அதற்குள் அந்த உடலுக்கு ஒரு பெயர் இருந்ததால் யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை என்று மேடம் சொன்னார்.

2025 ஜனவரி 22ஆம் தேதி காலை தாசில்தார், டாக்டர் முன்னிலையில் குழியைத் தோண்டினார்கள். இடம் காட்டியது நான். செல்லியம்மாவையும் அழைத்து வந்திருந்தார்கள். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். எங்களைப் போலவே தமிழ் பேசினார். தோண்டத் தொடங்குவதற்கு முன் மேடம் அவரிடம் மகள் கடைசியாகக் கட்டியிருந்த புடவை என்ன என்று கேட்டார். எந்தப் போட்டோவையும் காட்டவில்லை. "இலப்பச்ச. மஞ்சக் கர. வரலட்சுமி நோம்புக்கு நான்தான் எடுத்துக் குடுத்தேன். அதக் கட்டிக்கினுதான் பஸ் ஏறினா" என்றார். நான் பக்கத்தில் நின்றேன்.

அவருக்கு நான் யார் என்று சொல்லியிருந்தார்கள். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என்னிடம், "தல எந்தப் பக்கம் வெச்சீங்கம்மா?" என்று கேட்டார். தெற்கே என்றேன். "மஞ்சத் தண்ணி தெளிச்சீங்களா?" என்றார். தெளித்தோம் என்றேன். "பத்து வருஷமா நான் கோயிலு கோயிலா சுத்திக்கினு கீறேன். திருப்பதி படியில பிச்ச எடுக்கறவங்க மூஞ்சியெல்லாம் பாத்துக்கினு கீறேன். பஸ்ல அரை நாள் தூரம். எனக்கு யாரும் சொல்லலியே" என்றார். நான் அவர் காலில் விழுந்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டார்.

எலும்பையும் செல்லியம்மாவின் ரத்தத்தையும் ஒப்பிட்டு, தாயும் மகளும்தான் என்று ஏப்ரலில் முடிவு வந்தது. மே 6ஆம் தேதி புருஷோத்தமனைக் கைது செய்தார்கள். எலும்புகளைச் செல்லியம்மா தன் ஊருக்கு எடுத்துப் போனார். கொலையை நான் பார்க்கவில்லை. பார்த்ததும் கேட்டதும் மட்டும்தான் மேலே சொன்னது.

உடலைப் பார்த்தபோது அது உங்கள் தங்கை என்று நம்பினீர்களா என்று நடுவர் அம்மா கேட்டார். இல்லை. காலைப் பார்த்தபோதே அவள் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன். புருஷோத்தமன் மிரட்டினார் என்பது உண்மை. ஆனால் பேனாவைப் பிடித்தது என் கை.

2014க்கும் 2024க்கும் இடையில் தேவயானி உயிரோடு இருப்பதாக ஏதாவது தகவல் வந்ததா என்று கேட்டார். போலீசாரிடம் வரவில்லை என்று சொல்லியிருந்தேன். அது பொய்.

2014 தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, காலை பத்து மணிக்கு மேல், தெரியாத நம்பரிலிருந்து எனக்குப் போன் வந்தது. எடுத்ததும், "அக்கா, நான்தான். அம்மா நல்லா கீதா?" என்று கேட்டாள். அன்று காலைதான் என் தாய் இரண்டு மாதத்தில் முதல் முறையாகத் தட்டு நிறையச் சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டு, வெயிலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தார். நான் பேசினால், புதைத்தது யார் என்று சொல்ல வேண்டும். அவள் மறுபடி "அக்கா" என்றாள். நான் கட் செய்தேன். அன்றே சிம்மை உடைத்துப் போட்டுவிட்டு வேறு நம்பர் வாங்கினேன். அன்று நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால் என் தாய் மகளைப் பார்த்துவிட்டுச் செத்திருப்பார். செல்லியம்மாவும் பத்து வருடம் அலைந்திருக்க மாட்டார்.

டவர் இல்லாமல் லைன் போய்விட்டது என்றுதான் தேவயானி இன்றுவரை நினைத்திருக்கிறாள். இப்போது வெளியே பெஞ்சில் எனக்காக உட்கார்ந்திருக்கிறாள். இந்த வழக்கில் அவளும் சாட்சி என்பதால் இந்தத் தாள் என்றாவது அவள் கைக்கும் வரும் என்று நடுவர் அம்மா சொன்னார். அதற்கு முன்பு, இங்கிருந்து வெளியே போனதும் நானே சொல்லிவிடுகிறேன் என்றேன்.

மேலே எழுதியதை எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார்கள். ஏதாவது மாற்ற வேண்டுமா, நீக்க வேண்டுமா என்று கேட்டார்கள். நான் சொன்னதும் எழுதியதும் ஒன்றுதான். எல்லாம் நடந்தபடியே உள்ளது. எந்த வரியையும் நீக்கச் சொல்லவில்லை. யாருடைய கட்டாயமும் இல்லாமல் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
வே. சிவசங்கரி
17.06.2025, பிற்பகல் 1.05 மணி