வட்டத் தலை விளக்கு

இரவு ஏழரை மணி. கலானா ஆற்றை ஒட்டிய செம்மண் சாலை. மாலிந்திக்குப் போகிற கடைசி லாரியும் போய்விட்டால், அப்புறம் விடியும்வரை அதில் யானைதான் போகும்.

அந்தச் சாலையில் செங்கோ தனியாகப் பிக்கப் ஓட்டிக்கொண்டு போனான். பின்னால்... அவனுடைய செத்துப்போன அப்பா.

சிரிக்காதே கியோகோ. விறகை உள்ளே தள்ளிவிடு. நான் பார்க்கவில்லை, என்னோடு துணி மடிக்கிற டாமா சொன்னது. செங்கோ அவளுடைய அண்ணன்.

ஆற்றங்கரையில் சஃபாரிக்காரர்களுக்குப் புது விடுதி கட்டினார்களே, எனக்கும் டாமாவுக்கும் அங்கேதான் வேலை. அறைகளை அலங்கரிக்க நைரோபியிலிருந்து வைரிமு மேடம் வந்தாள். எல்லாம் இயற்கையாக இருக்க வேண்டுமாம். கட்டில் காலுக்குப் பட்ட மரம். குளியல் தொட்டிக்கு ஆற்றுப் பாறை. உத்தரத்தில் தூக்கணாங்குருவிக் கூடுகள், குருவியை விரட்டிவிட்டுப் பறித்தவை. வெயிலும் மழையும் தின்ற சாம்பல் நிற மரம் எங்கே இருந்தாலும் அள்ளி வரச் சொன்னாள். இயற்கை என்றால் அவளுக்கு, யாரும் கேட்க வராத பொருள்.

செங்கோ அங்கே மெத்தை இறக்கப் போனான். பெரிய அறையில் மெழுகு வாசனை. அதற்கு அடியில்... புளித்த கள் வாசனை. கட்டில் பக்கத்தில் ஒரு விளக்கு. ஆள் உயர மரம், வட்டத் தலை, உடம்பெல்லாம் முக்கோணச் செதுக்கல்.

அவன் அப்பாவுக்கு நட்ட கிகாங்கோ.

நீ காம்பா இனத்து ஆள், உனக்குத் தெரியாது. எங்கள் கிரியாமாவில் செத்தவர் கனவில் வந்து குளிருது என்பார். மரத்தில் அவருக்குக் கிகாங்கோ செதுக்கி நட்டு, கழுத்தில் துணி கட்டி, காலடியில் கள் ஊற்றுவோம். நட்டதை அசைக்கவே கூடாது. தண்ணீர் தேடிக் குடும்பம் வேறு இடம் போனாலும் அவர் அங்கேயேதான் நிற்பார். அப்படித் தனியாக நின்ற செங்கோவின் அப்பாவைத்தான் பிடுங்கியிருக்கிறார்கள். உச்சந்தலையிலிருந்து பாதம்வரை துளை போட்டு ஒயர் இழுத்திருந்தார்கள்.

"மேடம், இது எங்கப்பா."

"காட்டுல சும்மா கெடந்தது, டிரைவர்."

"கெடக்கல. நின்னுட்டிருந்தாரு. கழுத்துத் துணி எங்க?"

"அதுவா? செவப்பும் நீலமும்... இந்த ரூமுக்கு ஒத்து வரல. எறிஞ்சாச்சு." தன் பச்சைப் பட்டுக் கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டாள். "அங்கதான் குழி இருக்கே. புதுசா ஒண்ணு நட்டுக்கோங்க!"

செங்கோ பல்லைக் கடித்தது, விரிப்பு போட்டுக்கொண்டிருந்த டாமாவுக்கே கேட்டதாம்.

அந்தச் சிவப்பு நீலத் துணியைக் கிகாங்கோவுக்குக் கட்டும்போது அவன் அப்பாவின் முடிச்சைப் போட்டுப் பார்த்தவன். அவர் கள் இறக்கியவர், இடது கைக்காரர். குடுக்கையைப் பாளையில் கட்ட அவர் போடுகிற முடிச்சு வேறு யாருக்கும் வராது. அவனுக்கும் வரவில்லை.

பொழுது சாய்ந்ததும் மேடம் மாலிந்திக்குக் கிளம்பினாள். அவள் கார் மறைந்ததும் செங்கோ ஒயரை அறுத்தான். அப்பாவைத் தோளில் தூக்கிப் பிக்கப்பில் கிடத்தினான். திரும்ப அதே குழியில் நிறுத்திவிட வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

சாலையில் பின்னால் டொக்... டொக்... மரம் தகரத்தைத் தட்டியது. மேடு பள்ளமே இல்லாத இடத்திலும்.

குடும்பம் விட்டுப்போன பழைய வீட்டுக்குத் திரும்புகிற இடத்தில் மேடத்தின் கார். கதவு திறந்திருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே யாருமில்லை. கள் வாசனை மட்டும்.

தட்டுவது நின்றுவிட்டது.

டார்ச்சோடு முள்ளுக்குள் இறங்கி நடந்தான். அப்பா நின்ற குழி... காலியாக இல்லை.

சாம்பல் நிற மரம். வட்டத் தலை. மேடத்தின் உயரம். அடி மண் இறுகி, அதன் மேல் புல்கூட முளைத்திருந்தது.

பிடுங்கப் போன கை பாதியில் நின்றது. நட்டதை அசைக்கக் கூடாதே.

இன்றைக்கும் அவன் அப்பா பிக்கப்பில்தான் படுத்திருக்கிறார். போலீஸ் மேடத்தைத் தேடுகிறது. செங்கோவையும் கேட்டார்கள்.

டாமாவிடம் மட்டும் சொன்னான். அந்தப் புது மரத்தின் கழுத்தில் பச்சைப் பட்டு கட்டியிருந்ததாம்...

இடது கை முடிச்சு.