ஓல்ட்ராய்டின் முடிச் சங்கிலி

கரியை இன்னும் கொஞ்சம் அள்ளிப் போடு, மில்லி. நெருங்கி உட்காருங்கள். இது என் சிநேகிதி ஃபீபியின் அக்கா தபித்தாவுக்கு நடந்தது.

நவம்பர் மாதம். மாலை நாலே முக்கால். அதற்குள் நல்ல இருட்டு. யார்க்ஷயர் பொட்டல் மேட்டுப் பாதை... மூன்று மைலுக்கு ஒரு வீடு கிடையாது. தபித்தா தனியாக நடந்து வருகிறாள். கையில் ஒரு சின்னப் பொட்டலம்.

உள்ளே அவள் புருஷனின் கடிகாரச் சங்கிலி. முதலில் அது செத்துப்போன மூத்தாளின் முடியைப் பின்னிச் செய்தது. நம் எஜமானி தன் தாயின் முடி வைத்த ஊசியை மார்பில் குத்தியிருக்கிறாளே, அந்த மாதிரி.

துணி வியாபாரி ஓல்ட்ராய்டுக்கு இவள் இரண்டாம் தாரம். மூத்தாள் ரோசமண்ட் போய் நாலு வருஷம். ஆனாலும் சாப்பாடு முடிந்ததும் மனிதர் கணப்பருகே உட்கார்ந்து அந்தச் சங்கிலியையே தடவிக்கொண்டிருப்பார். எதிரில் ஒருத்தி உயிரோடு உட்கார்ந்திருக்கிறாள்... அவள் பக்கம் திரும்புவதே இல்லை. போதாக்குறைக்கு நாத்தனார் வேறு.

"பின்னாலேர்ந்து பாத்தா நீ அப்படியே ரோசமண்ட்தான். அதே முடி! அதுக்குத்தானே எங்கண்ணன் உன்னைக் கட்டினான்."

வயிறு எரியாதா? கேட்ட எனக்கே எரிந்தது.

ஒரு நாள் தபித்தா, கொக்கி தளர்ந்துவிட்டது என்று பொய் சொல்லிப் புருஷனிடமிருந்து சங்கிலியை வாங்கினாள். முடியில் நகை பின்னித் தரும் சக்டன் அம்மாளிடம் போய்த் தொப்பியைக் கழற்றினாள்.

"பழசைப் பிரிச்சுட்டு என் முடிய வச்சுப் பின்னுங்க."

"இது துக்கத்துக்குப் போடுற சங்கிலிம்மா. உசிரோட இருக்கறவங்க முடிய இதுல யாரும் வைக்கமாட்டாங்க."

"நான் வைக்கிறேன். அவர் தடவுறது என் முடியா இருக்கட்டும்."

முடியைக் காதோடு ஒட்ட வெட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள். ஒரு வாரம் கழித்து, அந்த நவம்பர் நாளில், வாங்கப் போனாள். பழைய முடியைத் தன் கண் முன்னாலேயே அடுப்பில் போடச் சொன்னாள். சுர்ர்...

கருகிய முடி நாற்றம் பாதையெல்லாம் கூடவே வந்தது. பின்னால் பட்டுப் பாவாடை உரசும் சத்தம். சரக்... சரக்... நின்றால் நின்றது. நடந்தால் வந்தது. தபித்தா உடுத்தியிருந்தது கம்பளி. திரும்பிப் பார்க்கவே இல்லை. வீட்டு வாசலுக்கு வந்தபோது சத்தம் பின்னால் இல்லை... அவள் பாவாடையிலிருந்தே வந்தது.

இவ்வளவையும் ஒன்றுவிடாமல் ஃபீபிக்கு எழுதினாள். அதுதான் அவளுடைய கடைசிக் கடிதம்.

கிறிஸ்துமஸுக்கு ஃபீபி போனாள். ஓல்ட்ராய்ட் கணப்பருகே சங்கிலியைத் தடவிக்கொண்டிருந்தார். கண்ணெல்லாம் ஈரம்.

"தபித்தா... என் தபித்தா..."

அக்கா ஜெயித்துவிட்டாள் என்று ஃபீபிக்கு அப்படி ஒரு சந்தோஷம். அப்போது தேநீர்த் தட்டோடு அக்கா வந்தாள். அதே முகம். வெட்டிய முடி தோள்வரை வளர்ந்திருந்தது. ஒரு மாதத்தில்.

"ரோசமண்ட், வந்தவங்களுக்குக் கேக் குடு" என்றார் ஓல்ட்ராய்ட், தலை நிமிராமல்.

அவள் கேக்கை வைத்துவிட்டு ஃபீபியிடம் குனிந்தாள்.

"நீங்க தபித்தாவோட தங்கச்சிதானே? தப்பா நினைக்காதீங்க... செத்தவங்க முடிய இவரு இப்படித் தடவிக்கிட்டே இருந்தா எனக்கு எப்படி இருக்கும்?"

"அக்கா, நான் ஃபீபி!" இவள் அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கை மெதுவாக விலகியது.

"அழாதீங்க. அவங்களும் பாவம், இதே நாற்காலியில உக்காந்துதான் வயிறெரிஞ்சாங்க. தினமும் அந்தச் சங்கிலியிலேர்ந்து நான் பாத்துக்கிட்டுதானே இருந்தேன்."